நிரல் நான் எழுதியதுதான்: தபால் உறையா, கிட்டா, நேரமுத்திரையா?

ஹட்டனிலும் பண்டாரவளையிலும் வீட்டிலிருந்தே நிரல், அதாவது கணினி புரோகிராம், எழுதிக் கொடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைக்குப் பில் போட, தோட்டத்துக்குக் கொழுந்து நிறை பதிய என்று. அதையே வேறொருவர் தன் பெயரில் விற்றால் எதைக் காட்டுவது? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, எழுதியவுடனேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது, பதியத் தேவையில்லை. நல்லதுதான், ஆனால் காட்டுவதற்குச் சான்றிதழும் கிடையாது. சான்றை நாமேதான் சேர்க்க வேண்டும்.

நிரலைச் சீடியில் போட்டுத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைப்பது பழைய வழி. ஒட்டாத உறையை அனுப்பிவிட்டு அப்புறம் எதையும் உள்ளே வைக்கலாமே! எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைத்தான் முதலில் கேட்பார். சத்தியக்கடதாசி கொஞ்சம் மேல், ஆனால் சமாதான நீதவான் உங்கள் கையெழுத்துக்குத்தான் சாட்சி, நிரலுக்கு அல்ல.

உண்மையான போட்டி கிட்டுக்கும் நேரமுத்திரைக்கும்தான்.

கிட் (Git) என்பது நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள். அதில் ஒவ்வொரு கமிட்டும், அதாவது ஒவ்வொரு பதிவும், முந்தியதோடு கோர்த்திருக்கும். இதன் பலவீனம் பலருக்குத் தெரியாது: பெயரும் திகதியும் உங்கள் கணினி சொன்னவைதான், இரண்டையும் மாற்றலாம். அதனால் கமிட்டில் டிஜிட்டல் ஒப்பம் இடுங்கள், அன்றன்றே வெளிச் சர்வருக்கும் அனுப்புங்கள். இன்னொன்று: வெளியிடுவதற்கு முன் எல்லாக் கமிட்டையும் ஒன்றாக்கி அழகு பார்க்காதீர்கள். அரைகுறை முயற்சி, பிழை, இரவு இரண்டு மணித் திருத்தம் எல்லாம் அப்படியே கிடக்கட்டும். முடிந்த நிரலைத் திருடியவரிடம் அந்தக் குப்பை இருக்காது.

நேரமுத்திரை வேறு மாதிரி. கோப்பிலிருந்து எஸ்எச்ஏ-256 கைரேகை ஒன்றை (ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கணக்கிட்ட குறி) எடுத்து, ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற சேவை மூலம் பிட்காயின் சங்கிலியில், அதாவது பின்னால் மாற்ற முடியாத பொதுப் பதிவேட்டில், பதிக்கலாம். இலவசம், நிரலும் உங்கள் கையைவிட்டுப் போகாது. மூலக் கோப்பை ஒரு காற்புள்ளிகூட மாறாமல் வைத்திருக்க வேண்டும், கூடவே கிடைக்கும் .ots சான்றுக் கோப்பையும் பத்திரமாக வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்த நேரத்துக்கு முன்பே கோப்பு இருந்தது என்று மட்டுமே அது சொல்லும். யார் எழுதினார் என்று சொல்லாது. திருடியவரும் முத்திரை வாங்கலாம்.

ஆகவே என் தேர்வு கிட். முக்கியமான வெளியீடுகளுக்கு மட்டும் மேலே ஒரு முத்திரை.

அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதியலாமே என்பார்கள். கட்டணம் டொலரில், நிரலின் ஒரு பகுதியையும் ஒப்படைக்க வேண்டும். அங்கே விற்பவருக்குச் சரி. தலவாக்கலையில் இரண்டு கடைக்கு எழுதுபவருக்கு வீண்செலவு.

சம்பள வேலையின் பகுதியாக எழுதியது என்றால் கதையே வேறு. ஒப்பந்தம் மாற்றிச் சொல்லாதவரை பொருளாதார உரிமை முதலாளிக்கே. கம்பனி லெப்டொப்பில் சொந்த புரொஜெக்டைத் தொடாதீர்கள்.