சீல் உடைக்காத பெட்டி, உள்ளே பாவித்த ஹெட்போன்: 78,000 ரூபாவுக்கு நடந்த வேலை

கொழும்பில் விலை கூடிய ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் காசை எடுத்து நீட்ட முன் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

காலி வீதியோரத்துக் கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில் ஒரு சின்னப் போன் கடை. பொருள்: சொனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4, கறுப்பு. "அண்ணே, டுபாய் சாமான், சீல் கூட உடைக்கல்ல" என்று கொடுத்தது 78,000 ரூபாவுக்கு. காசாகக் கொடுத்தால்தான் அந்த விலை, கார்ட் என்றால் 3 வீதம் கூட. கையால் எழுதிய பில்லில் இருந்தது "ஹெட்செட் 1" என்ற இரண்டு சொல். மொடல் இல்லை, சீரியல் இலக்கம் இல்லை. மூலையில் ஒரு ரப்பர் முத்திரை: "6 மாதம் செக்கிங் வொரண்டி".

கடையின் பெயரை இங்கே போடவில்லை. இதே வேலையைச் செய்கிற கடை அது ஒன்று மட்டுமல்ல. பெயரைப் பார்த்து ஒன்றைத் தவிர்த்தவர் பக்கத்துக் கடையில் மாட்டுவார்.

கடைக்காரர் சோதித்துக் காட்டிய விதத்தை முதலில் பாருங்கள். பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார், தன்னுடைய போனில் இணைத்தார், ஒரு குத்துப் பாட்டை முழுச் சத்தத்தில் போட்டு வாங்குபவரின் தலையில் மாட்டினார். முழுச் சத்தத்தில் 4,000 ரூபா ஹெட்போனும் அதிரும். சத்த நீக்கம் (வெளி இரைச்சலைக் குறைக்கிற வசதி) வேலை செய்கிறதா, இரண்டு காதும் சமமா, பற்றரி எந்த நிலையில் இருக்கிறது என்று இந்த மூன்றில் ஒன்றுகூட அந்தச் சோதனையில் வெளியே வராது. வராமல் இருக்கத்தான் அந்தப் பாட்டு.

நாலு நாளில் மூன்று குறைகள் தெரிந்தன. சத்த நீக்கம் போட்ட நிலையில் 30 மணித்தியாலம் ஓட வேண்டியது 10 மணித்தியாலத்திலேயே அணைந்தது. வலது பக்கக் கிண்ணத்தில் கை பட்டாலோ, தலையணையில் சாய்ந்தாலோ மெல்லிய விசில் சத்தம். மூன்றாவது, கழற்றினால் பாட்டு தானாக நிற்க வேண்டும், நிற்கவில்லை. கடையில் கிடைத்த பதில்: "பாவிக்கப் பாவிக்க சரியாகும், அப்டேட் ஒண்டு போட்டுப் பாருங்க."

அப்டேட்டால் இவை சரியாகாது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: பழைய ஹெட்போனைத் துடைத்து, காது மெத்தையை மட்டும் புதிதாக மாட்டியிருக்கிறார்கள்.

இந்த மொடலின் காது மெத்தை ஒரு பிளாஸ்டிக் வளையத்தில் பொருந்தி, கிண்ணத்தின் ஓரத்தில் கொக்கி கொக்கியாக மாட்டி நிற்கும். வேறு கம்பனி செய்த மலிவு மெத்தையில் அந்த வளையம் அரை மில்லிமீற்றர் பிசகினாலும் ஓர் இடைவெளி விழும். சத்த நீக்கம் வேலை செய்வது இரண்டு வகை மைக்கால்: ஒன்று வெளியே, மற்றது கிண்ணத்துக்குள் ஸ்பீக்கருக்கு முன்னால். உள்ளே இருக்கிற மைக் காதுக்குப் பக்கத்தில் மிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டுத் திருத்திக்கொண்டே இருக்கும். மெத்தை சரியாக மூடாவிட்டால் அந்தக் கணக்குப் பிழைக்கும். ஸ்பீக்கரின் சத்தத்தை மைக் பிடித்து, அதையே ஸ்பீக்கர் திரும்பப் பாட, விசில் வரும். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் வருகிற அதே கூச்சல், சின்ன அளவில். பழைய வியர்வை உப்பு மைக்கின் வலையை அடைத்திருந்தாலும் இதுவேதான் நடக்கும்.

பாட்டு நிற்காததும் மெத்தையின் வேலை. போட்டிருக்கிறீர்களா, கழற்றிவிட்டீர்களா என்று பார்க்கிற சென்சர் இடது கிண்ணத்துக்குள் இருக்கிறது. மலிவு மெத்தையின் உள்துணி அதை மூடிவிட்டால், ஹெட்போன் எப்போதும் தலையில் இருப்பதாகவே அது நினைத்துக்கொள்ளும். பற்றரிக்கு விளக்கமே தேவையில்லை. லித்தியம் பற்றரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினால் தேயும். சூட்டில் வைத்தால் இன்னும் வேகமாகத் தேயும்.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இந்தப் பதிவு எழுதக் காரணமே அதுதான். உள்ளே இருந்த சேர்க்கிட் அசல். போனில் போடுகிற சொனியின் செயலி அதை உடனே அடையாளம் கண்டது. அன்ட்ரொயிட் போனில் எல்டிஏசி (புளூடூத்தில் கூடிய தரத்தில் பாட்டு அனுப்புகிற சொனியின் முறை) ஓடியது. எடை 254 கிராம், கொம்பனி சொல்கிற கணக்கேதான். "ஒரிஜினலா என்று பார்ப்பது எப்படி" என்று சுற்றுகிற வீடியோக்களில் வருகிற சோதனை அத்தனையிலும் இது பாஸ். அந்தச் சோதனைகள் போலியைத்தான் பிடிக்கும். பாவித்த அசலைப் பிடிக்காது.

விலையையும் அளந்து வைத்திருக்கிறார்கள். 2020இல் இந்த மொடல் அமெரிக்காவில் வந்தபோது 350 டொலர். டொலர் 300 ரூபா என்று போட்டால் 105,000. பழைய மொடல், விலை இறங்கியிருக்கும், ஆகவே 78,000 நம்பும்படி இருக்கிறது. 25,000 என்று சொன்னால் யாரும் சந்தேகப்படுவார்கள். பாவித்தது என்று சொல்லி, பாவித்த விலைக்கு விற்றால் அது நேர்மையான வியாபாரம்; அப்படி விற்கிறவர்களும் கொழும்பில் இருக்கிறார்கள்.

முழுப் போலியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கண்ணுக்கே தெரியும். இதே வரிசையில் அடுத்து வந்த எக்ஸ்எம்5 மடியாது, கிண்ணம் தட்டையாகத் திரும்பும், அவ்வளவுதான். மடிகிற "எக்ஸ்எம்5" யாராவது காட்டினால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். (எக்ஸ்எம்4 மடியும். 2025இல் வந்த எக்ஸ்எம்6 திரும்ப மடிகிறது.) அப்பிளின் ஹெட்போனான எயார்பொட்ஸ் மெக்ஸில் 3.5 மில்லிமீற்றர் வயர் துளையே கிடையாது, அணைக்கிற பொத்தானும் கிடையாது, காது மெத்தை காந்தத்தில் ஒட்டும், எடை 385 கிராம் அளவில் இருக்கும். ஐபோனில் படத்தோடு அறிவிப்பு எழும்புவதை நம்பாதீர்கள். போலியும் அதை எழுப்பும். அப்பிளின் தளத்தில் சீரியல் இலக்கம் சரி என்று வந்தாலும் போதாது, அசல் ஒன்றின் இலக்கத்தை ஆயிரம் போலிகளில் அச்சடிக்கலாம். போனுக்கு அதன் அடையாள இலக்கமான ஐஎம்ஈஐயை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கிற வசதி ஹெட்போனுக்கு இல்லை.

சரி, நல்ல பொருளே கிடைத்தாலும் இவ்வளவு காசுக்குத் தகுமா?

100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்கும் பாணந்துறைக்கும் நடுவே தினமும் போய் வருகிறவருக்குத் தகும். லேலண்ட் எஞ்சினின் உறுமல், ஏசி இரைச்சல், ஜெனரேட்டர், விமானம் போன்ற ஒரே சீரான தாழ்ந்த சுருதிச் சத்தங்களை இவை நன்றாக விழுங்கும். அதே பஸ்ஸின் ஹோர்னை விழுங்காது. கண்டக்டரின் "பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை" குரலும் பக்கத்து மேசையின் பேச்சும் மங்குமே தவிர மறையாது. திடீரென்று வருகிற சத்தமும் உயர்ந்த சுருதிச் சத்தமும் மெத்தையின் தடிப்பால் குறைவதே அதிகம். "முழு நிசப்தம்" என்று கடையில் சொன்னால் அது பொய்.

வீட்டில் அமைதியான அறையில் இருந்து பாட்டுக் கேட்பவருக்கு இது வீண் செலவு. கொடுக்கிற காசில் பெரும்பங்கு மைக்குக்கும் சிப்புக்கும் போகிறது. ஒலித் தரத்துக்கு மட்டும் என்றால் வயர் ஹெட்போனில் அதே தரம் மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். ஐபோன்காரர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். 990 கிலோபிட் எல்டிஏசி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஐபோன் எஸ்பிசி, ஏஏசி என்ற வேறு இரண்டு முறையில்தான் பாட்டை அனுப்பும், எல்டிஏசியில் அனுப்பாது. அந்த எழுத்துக்காக ஒரு ரூபாவும் கூடக் கொடுக்காதீர்கள். நடுவிலையில் சொனியின் டபிள்யூஎச்-சிஎச்720என் 192 கிராம், சத்த நீக்கத்தோடு 35 மணித்தியாலம். 2023இல் 150 டொலருக்கு வந்தது. பஸ் இரைச்சலுக்கு அது பலருக்குப் போதும்.

விலையோடு சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டியது நம் ஊர்க் காற்று. காது மெத்தையின் தோல் உண்மையில் பொலியூரெத்தேன். ஈரப்பதமும் வியர்வையும் அதைச் சிதைக்கும். இரண்டு மூன்று வருடத்தில் கறுப்புச் செதில் செதிலாக உதிர்ந்து காதில் ஒட்டும். மாற்று மெத்தைக்கு அசல் வாங்காவிட்டால் மேலே சொன்ன விசில் கதைதான். எக்ஸ்எம்4, எக்ஸ்எம்5 இரண்டுக்கும் நீர்த்தடுப்புத் தரம் எதுவும் கிடையாது. "மழையில போடலாம் அண்ணே" என்பதையும் பொய்க் கணக்கில் சேருங்கள். ஓடப் போகிறவர்கள் இதை வாங்கவே வேண்டாம்.

இனிக் கடையில் செய்ய வேண்டியது. பத்து நிமிடம் போதும், ஆனால் காசு உங்கள் கையில் இருக்கும்போதே செய்யுங்கள். பெட்டி திறப்பதை முதல் நொடியிலிருந்து போனில் வீடியோ எடுங்கள். உறையில் மயங்காதீர்கள், பிளாஸ்டிக் சுருளும் சூட்டுக் காற்றுத் துப்பாக்கியும் இருந்தால் எந்தப் பெட்டியையும் இரண்டு நிமிடத்தில் "சீல்" பண்ணலாம். மெத்தை பளபளவென்று இருந்தால் அதை விட்டுவிட்டுத் தலைப்பட்டியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மெத்தையை மாற்றுவது லேசு, தலைப்பட்டியை மாற்றுவது கஷ்டம், ஆகவே தலை எண்ணெயின் மினுக்கமும் மடிப்புக் கோடும் அங்கேதான் மிஞ்சியிருக்கும். நீட்டிச் சுருக்குகிற தண்டில் உரசல் கோடு, யூஎஸ்பி-சி துளையின் ஓரத்தில் கீறல், மூக்கில் அல்கஹோல் வாசனை இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்எம்4 என்றால் பவர் பொத்தானும் கஸ்டம் பொத்தானும் வயர் துளையும் இடது கிண்ணத்தில், சார்ஜ் துளை வலதில். பெட்டிக்குள் ஸிப் வைத்த உறை, சார்ஜ் கேபிள், 3.5 மில்லிமீற்றர் கேபிள், விமான அடப்டர் நாலும் இருக்க வேண்டும்.

பிறகு பாட்டுப் போடாமல் மாட்டுங்கள். ஏசியோ மின்விசிறியோ ஓடுகிற பக்கம் நின்று, கஸ்டம் பொத்தானைத் தட்டிச் சத்த நீக்கத்தையும் வெளிச் சத்தத்தை உள்ளே விடுகிற நிலையையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். இரைச்சல் விழுந்து காதில் லேசான அழுத்தம் தெரிய வேண்டும். அடுத்து ஒவ்வொரு காதாக: ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்து மற்றதைக் கேளுங்கள், பிறகு மாற்றுங்கள். இரண்டும் ஒரே அளவுக்கு இரைச்சலைக் குறைக்க வேண்டும். உள்ளங்கையால் கிண்ணத்தை மெல்ல அழுத்துங்கள், தாடையை அசையுங்கள். மந்தமான "தொம்" கேட்டால் அது வழமை, பயப்பட வேண்டாம். விசில் வந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். பாட்டை ஓடவிட்டுக் கழற்றினால் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். முடிந்தால் வெளியே வீதியோரம் போய், நின்றுகொண்டிருக்கிற பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பற்றரியைக் கடையில் பார்க்க முடியாது; அதை அன்று இரவே செய்யுங்கள். முழுதாக சார்ஜ் ஏற்றி, சத்த நீக்கத்தோடு பாதிச் சத்தத்தில் மூன்று மணித்தியாலம் ஓடவிட்டு, செயலியில் வீதத்தைப் பாருங்கள். 30 மணித்தியாலப் பற்றரி 10 வீதம் அளவில் இறங்கும். 30 வீதம் இறங்கினால் அது புதியதல்ல.

பில்லில் மொடல் முழுப்பெயர், சீரியல் இலக்கம், "புதியது" என்ற சொல், வொரண்டி யாருடையது என்ற நான்கும் எழுதுவியுங்கள். "செக்கிங் வொரண்டி" என்றால் கடைக்காரர் பார்ப்பார் என்று மட்டும்தான் அர்த்தம். திருத்துவார், மாற்றுவார் என்று அதில் எதுவும் இல்லை. இலக்கம் எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். கார்ட்டில் கட்டினால் பிறகு வங்கியோடு பேச ஒரு வழி இருக்கும். காசு மட்டும் என்கிற இடத்தில் அந்தக் கதவும் அடைப்பு.

ஏமாந்தபின் போக வேண்டிய இடம் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்த மூன்று மாதத்தைக் கடைக்காரர்களும் நன்றாக அறிவார்கள். "அடுத்த கிழமை வாங்க, பொஸ் வந்திருவார்" என்று இழுப்பது அதற்காகத்தான்.

மேலே சொன்ன கடையும் மூன்று தடவை இழுத்தது. நாலாவது தடவை சத்தம் கூடியதும் உள்ளே போய் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து, "இதை எடுத்துப் போங்க, இது சீல்" என்றார்கள். உறைக்கு மேலாலேயே அடிப்பக்கத்து ஸ்டிக்கரை வாசிக்க முடிந்தது. முதற் பெட்டியில் இருந்த அதே சீரியல் இலக்கம், ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம் இப்போது முறைப்பாட்டுக் கடிதத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது.