டோபிக் ஆறா, சாப்பாட்டுக் கடை வேலையா? கொரிய மொழியில் பக்குவம் எங்கே வரும்

கொரிய மொழித் தேர்வான டோபிக்கில் ஆறு நிலைகள். மூன்று முதல் ஆறு வரை ஒரே வினாத்தாள்தான்: கேட்டல், வாசித்தல், எழுதுதல், மொத்தம் 300 மதிப்பெண். பேச்சுத் தேர்வு 2022இல்தான் தனியாக வந்தது. ஆகவே ஆறாம் நிலைச் சான்றிதழை மட்டும் பார்த்து, ஒருவர் பெரியவர்களிடம் எப்படிப் பேசுவார் என்று கணித்துவிட முடியாது.

சியோலில் படிக்கும் இருவரை வைத்துக்கொள்வோம். ஒருவர் புத்தகம் படித்தே ஆறாம் நிலை. மற்றவர் மூன்றாம் நிலைதான். ஆனால் ஒரு வருஷமாக மாலையில் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறார்.

"சனிக்கிழமை ஆய்வகத்துக்கு வர முடியுமா?" என்கிறார் பேராசிரியர். ஆறாம் நிலைக்காரர், "மன்னிக்கவும், சனிக்கிழமை வர இயலாது" என்று இலக்கண சுத்தமாகச் சொல்லி முடித்துவிடுகிறார். கடையில் பரிமாறுபவரோ "ஆ, தோயோஇருன் ஜேகா ஜோம்..." என்று இழுத்து நிறுத்துகிறார். "சனிக்கிழமைன்னா எனக்குக் கொஞ்சம்..." அவ்வளவுதான். மீதியைப் பேராசிரியர் புரிந்துகொள்வார். இந்த 'ஜோம்' நம்முடைய 'கொஞ்சம்' போலத்தான். "கொஞ்சம் நகருங்க" என்பதில் அளவா இருக்கிறது?

பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது ஆட்டம் மாறுகிறது. கடையில் பரிமாறுபவருக்குத் தெரிந்தது "எழுதி ஜுசெயோ", அதாவது "எழுதிக் கொடுங்க". மரியாதைச் சொல்தான், ஆனால் "தண்ணி ஜுசெயோ" என்று அவரிடம் தினமும் வாடிக்கையாளர்கள் கேட்பதும் அதே வாய்பாட்டில்தான். பேராசிரியர் காதில் அது ஆர்டர் மாதிரி விழும். ஆறாம் நிலைக்காரர் "ஹோக்ஷி" (ஒருவேளை) என்று தயங்கித் தொடங்கி, "ஜுஷில் சு இஸ்ஸுல்காயோ" (தர முடியுமோ) என்று முடிப்பார். மரியாதை விகுதி, 'முடியுமா' என்ற வாய்ப்பு, யோசனையாகக் கேட்கும் தொனி, மூன்றும் ஒரே வினையில். இதை இலக்கணம் படிக்காமல் கோக்க முடியாது.

மறுக்கக் கடை, கேட்கப் புத்தகம் என்பது என் கணக்கு. மூன்றாவது வழி, கே-டிராமா. அங்கே நண்பர்களும் காதலர்களும் பேசும் 'பன்மல்', அதாவது மரியாதை விகுதி இல்லாத நெருக்கமான பேச்சு, காதில் நன்றாக ஏறும். அதை யாரிடம் பேசக்கூடாது என்பது ஏறாது.

தமிழர்கள் எந்த வழியில் போனாலும் 'நீங்க'விடம் மாட்டிக்கொள்வார்கள். அகராதி 'தாங்ஷின்' என்று காட்டும். அதைக் கணவன் மனைவி சொல்லலாம், சண்டைக்காரர்கள் சொல்லலாம். பேராசிரியரைப் பார்த்துச் சொன்னால் வம்பு. அவர் எப்போதும் 'கியோசுநிம்', அதாவது 'பேராசிரியர் அவர்கள்'தான்.

அதற்காகக் கடைப்பேச்சை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். காபி தயாரானதும் சில கடைகளில் மரியாதை விகுதியைக் காபிக்கே போட்டுவிடுகிறார்கள்: "காபி எழுந்தருளியிருக்கிறது!"