ஐந்தடி ஓரங்குலமும் ஹிமாலயன் 450-இன் தாழ்வான சீட்டும்

என் உயரம் ஐந்தடி ஓரங்குலம். ஊர் கோத்தகிரி. வேலை, ஹட்டி ஹட்டியாக, அதாவது படுகர் ஊர் ஊராகப் போய் மாடுகளுக்கு ஊசி போடுவது. எஸ்டேட் சாலைக் குழிகளில் ஸ்கூட்டர் ஓட்டி முதுகு போனதால்தான் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக் பக்கம் வந்தேன். "மேடம், கால் எட்டுமா?" என்று பெட்ரோல் பங்கில் கேட்காத ஆள் இல்லை.

முதலில் வைத்திருந்தது பழைய மாடலான ஹிமாலயன் 411. சீட் உயரம் 800 மி.மீ. அதுவும் எட்டாமல், கீழே ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துப் பின் ஷாக் அப்சார்பருக்கு லோயரிங் லிங்க் (வண்டியைத் தாழ்த்தும் இணைப்புத் துண்டு) போட்டேன். பின்பக்கம் இறங்கியது. அதற்கு ஈடாக முன் ஃபோர்க்கை (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் மேலே தள்ளிக் கட்டி முன்பக்கத்தையும் இறக்கியிருக்க வேண்டும், அவர் செய்யவில்லை. கொண்டை ஊசி வளைவில் ஹேண்டில் சோம்பலாகத் திரும்பியது, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடித்தது. அதைவிட மோசம் சைடு ஸ்டாண்டு. வண்டி தாழ்ந்தால் ஸ்டாண்டையும் வெட்டிக் குறைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. நெட்டுக்குத்தாக நின்ற வண்டி ஒருநாள் கட்டபெட்டு அருகே வலப்பக்கம் சாய்ந்து தேயிலைச் செடிக்குள் படுத்துவிட்டது. இலை பறித்துக்கொண்டிருந்த அக்காமார் நாலு பேர் வந்துதான் தூக்கிவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான்.

அதனால் 450 வாங்கியபோது ஷாக்கைத் தொடுவதில்லை என்று முடிவு. அதன் சீட் 825, உயர்த்தி வைத்தால் 845. கம்பெனியே தனியாக விற்கும் தாழ்வான சீட்டில் 805. வெறும் இருபது மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம். இதற்கா காசு என்று தோன்றியது. உட்கார்ந்ததும் புரிந்தது. முன்பு ஒரு கால் ஊன்றினால் மறு கால் அந்தரத்தில் தொங்கும். இப்போது இரண்டு பக்கமும் விரல்கள் தொடுகின்றன; இடுப்பைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் இடது முன்பாதம் நன்றாகவே பதிகிறது.

அப்புறம் குன்னூரில் சீட் தைக்கும் அண்ணன் ஒருவரிடம் போய், தொடை உரசும் முன் ஓரங்களை மட்டும் செதுக்கச் சொன்னேன். உயரத்தில் கை வைக்கவில்லை. சீட் அகலமாக இருந்தால் கால் விரிந்து போய் எட்டுவது குறைகிறது. ஓரம் ஒடுங்கினால் கால் நேராக இறங்குகிறது. உண்மையைச் சொன்னால், அந்த இருபது மில்லிமீட்டரைவிட இதில்தான் எனக்கு அதிகம் கிடைத்தது.

குறை உண்டு. குஷன் மெல்லிசு. மேட்டுப்பாளையம் போய்த் திரும்பினால் இடுப்பு வலிக்கிறது, முழங்காலும் முன்பைவிட மடங்கியே இருக்கிறது. 196 கிலோ எடை எந்தச் சீட்டாலும் குறையாது. சரிவில் முகப்பைக் கீழே பார்க்க வைத்து நிறுத்தினால் பின்னால் இழுக்க என்னால் ஆகாது. முகப்பை மேடு பார்த்துத்தான் நிறுத்துகிறேன். ஏற்றத்தில் லாரி மறித்தால் இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். வளைவின் உள்பக்கத்தில் நிற்பதே இல்லை. அங்கே சாலை சரிந்து கிடக்கும், கால் வைக்கப் போனால் வெறும் காற்றுதான்.

வாங்க நினைப்பவர்கள் ஷோரூமுக்கு உள்ளே டைல்ஸ் தரையில் உட்கார்ந்து பார்த்து ஏமாறாதீர்கள். வாசல் சரிவுக்கு வண்டியைத் தள்ளச் சொல்லி, வழக்கமாகப் போடும் செருப்போ பூட்ஸோ அதோடு ஏறிப் பாருங்கள்.