20 மீட்டர் இறக்கை, இரண்டு இருக்கை: ஆர்க்கஸா, ஏஎஸ்ஜி 32-ஆ, டுவோ டிஸ்கஸா?

கிளைடர்களை ஒப்பிட உட்கார்ந்தால் பேச்சு முதலில் சறுக்கு விகிதத்தில்தான் வந்து நிற்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்தைச் செலவழித்தால் எத்தனை கிலோமீட்டர் தூரம் கிடைக்கும் என்ற எண் அது. ஆர்க்கஸுக்கு 50 அளவில், டுவோ டிஸ்கஸுக்கும் டிஜி-1000-க்கும் 46, 47. இதை மட்டும் பார்த்துப் பந்தய கிளைடர் வாங்கினால் பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறோம். அந்த உச்ச விகிதம் கிடைப்பது மணிக்கு நூறு, நூற்றுப்பத்து கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில். நல்ல நாளில் பந்தயம் ஓடுவதோ 150-க்கும் 180-க்கும் நடுவில். அந்த வேகத்தில் எவ்வளவு கீழே இறங்குகிறது, அதே எடையோடு தெர்மலில் (மேலெழும் சூடான காற்றில்) எவ்வளவு இறுக்கமாக வட்டமடிக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பவை. அந்த இழுபறியில்தான் இந்த நான்கு கிளைடர்களும் வேறுபடுகின்றன.

வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பேர், 20 மீட்டருக்கு மிகாத இறக்கை: விதியின் சாரம் இவ்வளவுதான். இந்த வகுப்புக்கு உலகப் போட்டி 2014-ல் பின்லாந்தின் ரேய்ஸ்கலாவில் நடந்தது. அதற்கு முந்தைய காலத்தில் பெரிய இரட்டை இருக்கை கிளைடர் என்றால் 1986-ல் பறந்த 25 மீட்டர் ஏஎஸ்எச் 25, பிறகு 26.5 மீட்டர் நிம்பஸ் 4டி. அவை இறக்கை நீளத்துக்கு வரம்பில்லாத ஓபன் வகுப்பில் பறப்பவை. விலையும் டிரெய்லர் நீளமும் வேறு உலகம். இங்கே அவற்றை விட்டுவிடலாம். செக் நாட்டின் எச்பிஎச் தயாரிக்கும் ட்வின் ஷார்க்கும் இதே 20 மீட்டர் பந்தயத்துக்கு வந்ததுதான், ஆனால் மைதானங்களில் அதிகம் காணக் கிடைப்பது ஜெர்மனியின் மூன்று பட்டறைகளில் பிறந்தவை.

| கிளைடர் | தயாரிப்பாளர் | முதல் பறப்பு | இறக்கைப் பரப்பு | உச்ச எடை | உச்ச இறக்கைச் சுமை | பந்தய ஃபிளாப் |
|---|---|---|---|---|---|---|
| டுவோ டிஸ்கஸ் எக்ஸ்எல் | ஷெம்ப்-ஹிர்த் | 1993 (முதல் டுவோ) | 16.4 ச.மீ. | 750 கிலோ | 45.7 | இல்லை |
| டிஜி-1000 | டிஜி | 2000 | 17.5 ச.மீ. | 750 கிலோ | 42.8 | இல்லை |
| ஆர்க்கஸ் எம் | ஷெம்ப்-ஹிர்த் | 2009 (ஆர்க்கஸ்) | 15.6 ச.மீ. | 800 கிலோ | 51.3 | உண்டு |
| ஏஎஸ்ஜி 32 எம்ஐ | ஷ்லைஹர் | 2014 | 15.7 ச.மீ. | 850 கிலோ | 54.1 | உண்டு |

இறக்கைச் சுமை என்பது எடையைப் பரப்பால் வகுத்தது; சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ. ஃபிளாப் என்பது இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகை. சான்றிதழில் 850 என்று இருந்தாலும், போட்டி விதியில் வகுப்புக்கு எழுதியிருக்கும் எடைதான் எல்லை. காலையில் ஓடுபாதைக்குப் போகும் வழியில் தராசு காத்திருக்கும். அதனால் அட்டவணையின் கடைசி வரிசையில் உள்ள 54.1-ஐ ஏஎஸ்ஜி-க்குக் கிடைத்த போனஸாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எடை கொடுப்பதும் எடுப்பதும்

சுமை கூடினால் கிளைடரின் ஒவ்வொரு வேகமும் சுமையின் வர்க்கமூல அளவில் கூடும். 43-லிருந்து 51-க்குப் போனால் ஏறத்தாழ 9 சதவீதம். அதாவது டிஜி 150-ல் எந்தக் கோணத்தில் சறுக்குகிறதோ, அதே கோணத்தில் அதே இறக்கை கூடுதல் எடையோடு 163-ல் சறுக்கும். மேகத் தெரு வரிசையாக நிற்கும் நாளில் இது கொழுத்த லாபம்.

பில் வருவது தெர்மலில். 40 பாகை சாய்வில் மணிக்கு 100 கிலோமீட்டரில் சுற்றினால் வட்டத்தின் ஆரம் 94 மீட்டர். எடை ஏற்றிய ஃபிளாப் கிளைடரை 115-ல் சுற்ற வேண்டி வந்தால் அதே சாய்வில் 124 மீட்டர். அந்த 30 மீட்டருக்குள்தான் பல தெர்மல்களின் மையம் இருக்கிறது. வெளியே நின்று சுற்றுபவருக்கு விளிம்புக் காற்றுதான் மிச்சம். சாய்வை 48 பாகைக்கு ஏற்றினால் ஆரம் திரும்ப 94-க்கு வந்துவிடுமே என்று தோன்றும். வரும், காகிதத்தில். 48 பாகையில் இறக்கை தாங்கும் பாரம் ஒன்றரை மடங்கு, ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்காது) 40 பாகையில் இருந்ததைவிட 7 சதவீதம் மேலே. ஆகவே 115 போதாது, 123 வேண்டும், வட்டம் மறுபடி விரிகிறது. கட்டுப்பாட்டுக் குச்சியை இழுத்து 115-லேயே பிடித்து வைக்கப் பார்ப்பவர் முதலில் உணர்வது வால் பக்க நடுக்கம், அடுத்து உள்பக்க இறக்கை விழுவது. மேலும் கீழும் பத்து கிளைடர்கள் சுற்றும் கூட்டத்தில் அது நடக்கக் கூடாது.

ஆகையால் எவ்வளவு அதிகம் ஏற்றலாம் என்பதைப் போலவே, எவ்வளவு குறைவாக வைத்துக்கொள்ள முடியும் என்பதும் முக்கியம். விளம்பரத் தாள்களில் இந்தக் கீழ் எல்லை பெரிய எழுத்தில் வருவதில்லை. இயந்திரம் இல்லாத ஆர்க்கஸில் இருவர் ஏறினால் சுமை 40-ஐ ஒட்டி நிற்கும். தானே புறப்படும் எம் ரகத்தில் இயந்திரம், எரிபொருள், பாட்டரி என்று சுமார் 80 கிலோவுக்கு மேல் கூடுகிறது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லாமலே 45-ஐத் தாண்டிவிடும். இது டுவோவின் உச்ச எல்லை! சராசரி ஏற்றம் நொடிக்கு 1.5 மீட்டருக்குக் கீழே கிடக்கும் நாளில் அந்த எடையை வானத்தில் எங்கும் இறக்கிவைக்க முடியாது. தண்ணீரையாவது திறந்துவிடலாம், இயந்திரத்தை என்ன செய்வது?

ஆர்க்கஸும் ஏஎஸ்ஜி 32-ம்

இரண்டுக்கும் இறக்கைப் பரப்பு கிட்டத்தட்ட ஒன்று, ஃபிளாப் உண்டு, நோக்கமும் ஒன்றே. வேகமாகப் போகும்போது ஃபிளாப்பை எதிர்நிலைக்குத் தூக்கினால் இறக்கையின் வளைவு குறைந்து இழுவை குறைகிறது. தெர்மலில் நேர்நிலைக்கு இறக்கினால் மெதுவாகச் சுற்ற முடிகிறது. வயலில் இறங்க வேண்டி வந்தால் ஃபிளாப்பின் 'எல்' (தரையிறங்கும்) நிலை வேகத்தை நன்றாகக் குறைத்துக் கொடுக்கும். கை மறந்தால் தண்டனை உண்டு. தெர்மலை விட்டு வெளியேறி 160-க்கு மூக்கை இறக்கிய பிறகும் ஃபிளாப் நேர்நிலையிலேயே இருந்தால், மிச்சம் பிடித்த உயரம் சத்தமில்லாமல் கரையும். பின் இருக்கையில் இருப்பவர் ஒவ்வொரு வெளியேற்றத்திலும் 'ஃபிளாப்' என்று ஒரு சொல் சொல்வதை வழக்கமாக்கிக்கொள்ளும் ஜோடிகளுக்கு இந்த இழப்பு இல்லை.

நேராகப் பறக்கவிட்டு ஒப்பிட்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே ஒரு மோசமான தெர்மல் தேர்வு விழுங்கிவிடும். நொடிக்கு 2 மீட்டர் ஏற்றத்தில் ஒரு நிமிடம் என்பது 120 மீட்டர் உயரம். 40 விகிதத்தில் அது 4.8 கிலோமீட்டர். இருவர் கிளைடரில் அந்த நிமிடம் போவது பெரும்பாலும் வாக்குவாதத்தில்தான்: 'இடப்பக்கம் நல்லா இருக்கு', 'இல்ல, இன்னும் ஒரு சுற்று பார்ப்போம்'. எனவே இந்த இரண்டில் எது என்பதை இயந்திரத்தையும் காக்பிட்டையும் வைத்து முடிவு செய்வதே புத்திசாலித்தனம்.

காக்பிட்டில் ஏஎஸ்ஜி தாராளம். ஆர்க்கஸின் உடல் டுவோவின் வழியில் வந்தது. டுவோவில் பறந்து பழகியவருக்கு உடனே கைக்கு வரும், உயரமானவருக்குப் பின் இருக்கை கொஞ்சம் இடிக்கலாம்.

இயந்திரம்: எந்த வகை, எதற்காக

ஆர்க்கஸில் தேர்வு அதிகம். இயந்திரமே இல்லாதது, டி ரகத்தில் வீடு திரும்ப மட்டும் உதவும் சிறிய இரண்டு ஸ்ட்ரோக் சோலோ இயந்திரம், எம் ரகத்தில் தானே புறப்படும் பெரிய சோலோ, இ ரகத்தில் மின் மோட்டார். ஏஎஸ்ஜி-யின் எம்ஐ ரகத்தில் இருப்பது வான்கெல் சுழல் இயந்திரம். அது உடலுக்குள்ளேயே தங்கிவிடும், புரொப்பெல்லரைத் தாங்கும் தண்டு மட்டும் வெளியே எழும், சக்தி பெல்ட் வழியாகப் போகும். வெளியே நிற்கும் பொருள் சிறிது என்பதால் இழுவை குறைவு, அதிர்வும் குறைவு. மின்சார உதவி மோட்டாரோடு இஎல் ரகமும் உண்டு.

டி ரக இயந்திரத்துக்கு ஸ்டார்ட்டர் கிடையாது. தண்டை வெளியே எடுத்து, இயந்திர அழுத்தத்தைத் தளர்த்தும் டிகம்ப்ரஷன் வால்வைத் திறந்து, மூக்கை இறக்கிக் காற்றால் புரொப்பெல்லரைச் சுழற்றி, சுழல ஆரம்பித்ததும் வால்வை விட வேண்டும். இதற்கே 50 முதல் 100 மீட்டர் உயரம் போகும். தண்டு வெளியே நின்று இயந்திரம் பிடிக்காமல் போனால், சற்று முன்வரை 45 விகிதத்தில் சறுக்கிய கிளைடர் பயிற்சி வண்டியைவிட மோசமாக இறங்கும். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: தரையிலிருந்து 400 மீட்டரில் வயலைத் தேர்ந்தெடு, 300-ல் அந்த வயலுக்கு மேலே நின்றபடி தண்டை எடு, 200-ல் இயந்திரம் ஓடவில்லை என்றால் அதை மறந்துவிட்டு, தண்டு வெளியே இருக்க அப்படியே இறங்கு. இன்னொரு முறை முயல்கிறேன் என்று 150-க்கு வருவதுதான் கிளைடர்களை உடைக்கிறது.

புள்ளிக் கணக்கில் இயந்திரம் எந்த உதவியும் செய்யாது. பதிவுக் கருவி இயந்திரச் சத்தத்தையும் சேர்த்துப் பதிகிறது. சத்தம் எழுந்த இடத்தில் வயலில் இறங்கியதாகவே கணக்கு. இயந்திரம் வாங்கித் தருவது மாலை டிரெய்லர் பயணமும் அடுத்த நாள் தூக்கமும். பத்து நாள் போட்டியில் அது சிறிய விஷயம் அல்ல என்றாலும், அதற்கு எம் தேவையில்லை. கிளைடரை மேலே இழுத்துச் செல்லும் விமானம் இருக்கும் இடத்தில் பந்தயம் பறக்க டி ரகமே சரியான நடுவழி. சொந்த ஊரில் தனியாகப் புறப்பட வேண்டியவருக்குத்தான் எம், எம்ஐ.

தண்ணீர்

நான்கிலும் இறக்கைத் தொட்டி ஏதோ ஒரு அளவில் கிடைக்கும். ஃபிளாப் உள்ள இரண்டில்தான் அது உண்மையிலேயே பேசும். இறக்கையில் ஏற்றிய தண்ணீர் எடைமையத்தை முன்னே தள்ளுவதால், வால் தொட்டியிலும் கொஞ்சம் ஊற்றி ஈடுகட்டுவார்கள். ஆபத்து இங்கேதான். இறக்கைத் தண்ணீர் வெளியேறி, வால் தொட்டி வால்வு மட்டும் உறைந்து மூடிக்கொண்டால் எடைமையம் பின்னே போகும். சுழன்று விழும் குணம் வந்துவிடும். தண்ணீர் உறையும் உயரத்துக்கு மேலே அதிக நேரம் பறக்கப் போகும் நாளில் வால் தொட்டியைக் காலியாக விடுவதே நல்லது.

நிரப்பும்போது இரண்டு பக்கமும் ஒரே கேனால், அல்லது அளவு காட்டும் மீட்டரால் அளந்து ஊற்ற வேண்டும். பிறகு இறக்கையைச் சமமாகப் பிடித்துக் கையை விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மெல்ல இறங்கினால் அந்தப் பக்கத்தில் தண்ணீர் கூடுதல், அல்லது எதிர்ப் பக்க வால்வு ஒழுகுகிறது. வால்வின் ஓ-ரிங்கில் (ரப்பர் வளையத்தில்) ஒட்டிய ஒரு புல் துரும்பு போதும், வரிசையில் ஒரு மணி நேரம் நின்றபின் பல லிட்டர் வித்தியாசம் வந்துவிடும். அந்த நிலையில் இழுக்கும் விமானத்தின் பின்னே ஓடினால், இறக்கையைச் சமன்படுத்தும் அயிலரான் பிடிக்கும் வேகம் வருவதற்குள் பாரமான இறக்கை தரையைத் தொட்டுவிடும்.

டுவோ இன்னும் ஏன் ஓடுகிறது

ஹாண்டிகாப் போட்டிகளால். அங்கே வேகத்தைக் கிளைடரின் திறனுக்கேற்ற குறியீட்டு எண்ணால் வகுத்துத்தான் புள்ளி. எடுத்துக்காட்டுக்கு டுவோவுக்கு 110, ஃபிளாப் கிளைடருக்கு 116 என்று வைத்துக்கொள்வோம். 300 கிலோமீட்டரை டுவோ மணிக்கு 110-ல் முடித்தால் 2 மணி 43.6 நிமிடம். அதைச் சமன் செய்ய மற்றவர் 116-ல் வர வேண்டும், 2 மணி 35 நிமிடம். எட்டரை நிமிடக் கடன். ஏற்றம் 3 மீட்டர், மேகம் வரிசை என்றால் கடன் அடைந்து மீதமும் இருக்கும். மேகமில்லாத நீல வானத்தில் தெர்மல்கள் சிறுத்து, எல்லோரும் ஒரே கூட்டமாக நகரும் நாளில் அந்த எட்டரை நிமிடத்தை எங்கே போய்ப் பிடிப்பது? கூட்டத்தோடு சேர்ந்து வந்த டுவோ அன்றைய பட்டியலில் மேலே நிற்கும்.

டுவோவின் பலவீனம் தரையிறக்கம். பழைய ரகங்களில் வேகமாக இறங்க உதவும் ஏர்பிரேக் மந்தம்; உயரமான மரங்களைத் தாண்டிச் சிறிய வயலில் இறங்குவது வேர்க்க வைக்கும். 2000-களின் நடுவில் வந்த எக்ஸ் ரகத்திலிருந்து ஏர்பிரேக்கோடு இணைந்து இறங்கும் ஃபிளாப் வந்தது. பெயரைக் கேட்டு அதைப் பந்தய ஃபிளாப் என்று எண்ண வேண்டாம். அது இறங்க மட்டும். பழைய டுவோவை வாங்குபவர் இந்த ஒரு மாற்றத்துக்காகவே கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம்.

டிஜி-1000 பந்தயக் குதிரை அல்ல. 18 மீட்டர் நுனி போட்டால் சாகசப் பறப்பு, 20 மீட்டர் நுனி போட்டால் நெடுந்தூரம். வால் செங்குத்தில் எடைக்கட்டிகள் வைக்கும் பெட்டி, ஏறுபவர்களின் எடைக்கு ஏற்ப எடைமையத்தைச் சரிசெய்கிறது. வாரம் முழுதும் மாணவர்களைச் சுமந்து, வருடத்தில் ஒரு ஹாண்டிகாப் போட்டிக்கும் போக நினைக்கும் கிளப்புக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. அந்தக் கட்டிகளை முந்தைய ஆள் மாற்றிவிட்டுப் போயிருப்பார், பறக்கும் முன் திறந்து பாருங்கள்.

பழையதை வாங்கினால்

ஜெல்கோட் (வெளிப்பூச்சு) விரிசலை எல்லோரும் பார்ப்பார்கள். ஃபிளாப் கிளைடரில் அதற்கு முன் பார்க்க வேண்டியது ஃபிளாப்பை இறக்கையோடு இணைக்கும் கீலின் மேல் ஒட்டியிருக்கும் மைலார் (மெல்லிய பிளாஸ்டிக்) பட்டை. ஒரு முனை எழும்பி நின்றால், ஃபிளாப் எதிர்நிலைக்குப் போகும்போது காற்று அந்த இடைவெளியில் ஒழுகி, பணம் கொடுத்து வாங்கிய வேகமே போய்விடும். பறக்கும்போது இறக்கையில் ஒட்டும் பூச்சிகளைத் துடைக்கும் பூச்சித் துடைப்பானின் நூலை முழு நீளம் இழுத்துப் பாருங்கள். பிரிந்த நூல் இறக்கை நுனியில் வைத்து அறுந்தால் துடைப்பான் அங்கேயே நின்றுவிடும், மீதிப் பந்தயம் ஒரு பக்கம் இழுத்தபடிதான். தண்ணீரை முழுதும் நிரப்பி ஒரு இரவு நிறுத்திவைத்து, காலையில் கீழே தரை ஈரமா என்று பாருங்கள்.

கடைசியாக, பறக்கப் போகிற இரண்டு பேரும் பாராசூட்டோடு ஏறி, கண்ணாடி மூடியை மூடி, ஒரு மணி நேரம் உட்காருங்கள். இடம் மாறி இன்னொரு மணி நேரம். பந்தயம் நான்கைந்து மணி நேரம் ஓடும். பின் இருக்கையில் முழங்கால் குச்சியில் இடிக்கும் கிளைடரில் மூன்றாவது மணியில் வரைபடத்தைப் பார்க்க ஆள் இருக்காது.