ஆடியோ-டெக்னிகா எல்பி120எக்ஸ் யுஎஸ்பி டர்ன்டேபிள்: எடையும் வயரும் சரியாக இருக்கட்டும்

சத்தம் சன்னமாக இருக்கிறது, உறுமுகிறது, ஊசி தாவுகிறது என்று இந்த டர்ன்டேபிளை (இசைத்தட்டு சுழற்றும் மெஷினை) குறை சொல்பவர்கள் உண்டு. மூன்றுக்கும் பெரும்பாலும் பொருத்திய விதம்தான் காரணம். பத்து நிமிடம் பொறுமையாகச் செட் செய்தால், இந்த விலை வரிசையில் தாராளமாக வாங்கலாம்.

இது டைரக்ட் டிரைவ். இசைத்தட்டை வைக்கும் சுழல் தட்டை மோட்டார் நேரடியாகச் சுற்றுவதால், வெயிலில் பெல்ட் தளர்ந்து வேகம் தடுமாறும் தொல்லை இல்லை. நிமிடத்துக்கு 33⅓, 45, 78 சுற்று என்று மூன்று வேகமும் உண்டு. கூடவே வருவது பச்சை ஊசி கொண்ட விஎம்95இ கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியின் அசைவை மின் சிக்னலாக மாற்றும் பகுதி.

முதலில் ரசமட்டம் வைத்து மேசையைச் சமப்படுத்துங்கள். ஸ்பீக்கரை அதே மேசையில் வைக்காதீர்கள். அதன் அதிர்வு ஊசிக்கே திரும்பி வந்து, வால்யூமைக் கூட்டும்போது பேஸ் 'ம்ம்ம்' என்று இரைய ஆரம்பிக்கும்.

அடுத்தது ஊசியின் எடை. இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். ஊசி மூடியைக் கழற்றி, ஆன்டி-ஸ்கேட்டை (ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதைச் சமன் செய்யும் திருகை) 0-ல் வைத்து, லிஃப்ட் லீவரை இறக்கிவிடுங்கள். டோன் ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கையின்) முனையை விரலால் தாங்கிக்கொண்டே பின்னால் உள்ள எடையைத் திருகுங்கள். விரலை எடுத்தால் ஆர்ம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. தட்டுக்கு இணையாக அந்தரத்தில் நிற்க வேண்டும். இப்போது எடையை அசையாமல் பிடித்து, எண் போட்ட வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்புங்கள். பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்து, எடை முன்னால் நகரும்படி 2 வரை திருகுங்கள். இதுதான் 2 கிராம். 1.8 முதல் 2.2 வரை போகலாம். ஆன்டி-ஸ்கேட்டையும் 2-க்குக் கொண்டுவாருங்கள்.

கடைசித் திருகலிலும் வளையத்தை மட்டும் சுற்றினால் எண் 2 காட்டும், ஆனால் ஊசியில் எடையே இருக்காது. இசைத்தட்டு தேயுமே என்று 1 கிராமில் வைப்பது அதைவிட மோசம். ஊசி பள்ளத்துக்குள் உட்காராமல் துள்ளி, இரண்டு சுவரையும் சுரண்டும்.

இணைப்பில் ஒரே விதிதான்: ஃபோனோ ப்ரீ-ஆம்ப் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) ஒன்று மட்டுமே இருக்க வேண்டும். கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சுமார் 4 மில்லிவோல்ட். இசைத்தட்டில் பள்ளம் வெட்டும்போதே பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். அதைச் சமன் செய்வதும் ப்ரீ-ஆம்பின் வேலை. ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) ஃபோனோ சாக்கெட் இருந்தால் மெஷினின் ஸ்விட்சை ஃபோனோவில் வையுங்கள், ஆக்ஸ் (சாதாரண உள்ளீடு) மட்டும் இருந்தால் லைனில்; அப்போது மெஷினுக்குள் இருக்கும் ப்ரீ-ஆம்ப் வேலை செய்யும். ஃபோனோவில் வைத்து ஆக்ஸில் செருகினால் குரல் ஏதோ கிணற்றடியில் கேட்கும், பேஸே இருக்காது. லைனில் வைத்து ஃபோனோவில் செருகினால் கரகரவென்று உடைந்து அலறும். ஃபோனோ இணைப்பில் உறுமல் வந்தால், முதலில் எர்த் வயர் ஆம்பின் திருகில் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

குறைகளும் உண்டு. உள்ளே இருக்கும் ப்ரீ-ஆம்ப் சுமார்தான். தனியாக ஒன்று வாங்கினால் வித்தியாசம் பாட்டு தொடங்கியதுமே தெரியும். கூட வரும் ஃபெல்ட் விரிப்பு ஸ்டேட்டிக்கில் (நிலைமின்சாரத்தில்) இசைத்தட்டோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும், தூசியையும் இழுக்கும். ரப்பர் விரிப்பு நல்லது. இசைத்தட்டு முடிந்தால் ஆர்ம் தானாக எழாது, நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

78 வேகம் இருக்கிறதே என்று தாத்தா காலத்து அரக்குத் தட்டைப் பச்சை ஊசியில் போடாதீர்கள். அதன் பள்ளம் எல்பியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். ஊசி அடியில் கிடந்து அழுக்கைத்தான் வாசிக்கும். அரக்குத் தட்டுக்கென்றே விஎம்95எஸ்பி ஊசி தனியாகக் கிடைக்கிறது. அதன் எடையும் வேறு, மறுபடி செட் செய்ய வேண்டும்.

பச்சை ஊசிக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் 300 மணி நேரம். அது தேய்ந்ததும், அதே கார்ட்ரிட்ஜில் சிவப்பு மைக்ரோலீனியர் ஊசியை (முனை இன்னும் நுணுக்கமாகச் செதுக்கியது) அப்படியே மாட்டலாம். அது 1000 மணி நேரம் வரும்.