இன்ஜின் ஆயில் அடிட்டிவ்: மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்ததில் தெரிந்தது

பல வருடங்களாக என் காரிலும் பைக்கிலும் அடிட்டிவ், அதாவது இன்ஜின் ஆயிலோடு சேர்த்து ஊற்றத் தனிப் பாட்டிலில் விற்கும் கலவை, ஊற்றிப் பார்த்திருக்கிறேன். முதலிலிருந்தே எனக்கு இதில் சந்தேகம் உண்டு. அதனால் ஒரு ஆயில் மாற்றலுக்கு அடிட்டிவோடு, அடுத்ததற்கு வெறும் ஆயில் என்று மாறி மாறிச் செய்தேன். ஆயிலின் பிராண்டையும் கிரேடையும் மாற்றவில்லை, ஓடும் பாதையும் பெரும்பாலும் ஒன்றுதான். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் இருக்கும் இன்ஜினுக்கு இவற்றால் ஒரு நன்மையையும் நான் பார்க்கவில்லை. பைக்கில் நேராகவே கெடுதல் நடந்தது.

"ஊற்றினதும் சத்தம் குறைஞ்சுது, வண்டி லேசா ஓடுது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அடிட்டிவ் இல்லாமல் புது ஆயில் மட்டும் ஊற்றியபோதும் அதே லேசு, அதே அமைதி! பெரும்பாலானவர்கள் ஆயில் மாற்றும்போதுதான் அடிட்டிவையும் சேர்க்கிறார்கள். கூடவே ஏர் ஃபில்டர் சுத்தமாகிறது, டயரில் காற்று சரியாக நிரப்பப்படுகிறது. இத்தனைக்கும் சேர வேண்டிய பெயரை அந்த ஒரு பாட்டில் தட்டிக்கொண்டு போகிறது. மைலேஜ் கதையும் இதேதான். மைலேஜ் மிக மோசமாக இருக்கும் நேரத்தில்தான் மனிதன் மருந்து தேடுவான். அடுத்த டேங்கில் அது தானாகவே கொஞ்சம் ஏறும். என் கணக்கில் அடிட்டிவால் வந்த வித்தியாசத்தைவிட, வெயில் காலத்துக்கும் மழைக் காலத்துக்கும் இருந்த வித்தியாசம்தான் பெரிது.

காதை நம்ப வேண்டாம் என்று பழைய ஆயிலின் மாதிரியைச் சில முறை லேபுக்கும் அனுப்பினேன். தேய்மானத்தால் ஆயிலில் கலந்த இரும்பு, செம்பு, ஈயம், அலுமினியம் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று அவர்கள் அளந்து தருவார்கள். எந்த உலோகத்திலும் அடிட்டிவுக்குச் சாதகமான போக்கு தெரியவில்லை. மாறியது ஒன்றுதான், ஆயிலின் கெட்டித்தன்மை. ஆயிலின் கெட்டித்தன்மையை எஸ்ஏஇ கிரேடு எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் கெட்டி. எஸ்ஏஇ 30 ஆயில் 100 டிகிரி செல்சியஸில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (கெட்டித்தன்மையின் அளவு) இருக்க வேண்டும். ஒரு பாட்டில் அதை 40 கிரேடுக்குள்ளேயே தள்ளிவிட்டது. சத்தம் அடங்கியதற்கு ஒரு காரணம் அங்கே கிடைத்தது. கார் கம்பெனி கையேட்டில் எழுதிய கிரேடு வேறு, நான் ஓட்டிக்கொண்டிருந்தது வேறு!

விளம்பரங்களில் என்னை மிகவும் கோபப்படுத்துவது அந்தச் சுழலும் இரும்பு வளையச் செய்முறை. வளையத்தின் மேல் ஒரு உலோகத் துண்டை அழுத்துவார்கள். சாதா ஆயிலில் துண்டு தேய்ந்து வளையம் நின்றுவிடும், அடிட்டிவ் சேர்த்தால் நிற்காமல் சுற்றும். கிரீஸ், கியர் ஆயில் போன்றவற்றின் கடும் அழுத்தத் தாங்குதிறனைப் பார்க்க வந்த சோதனை முறை அது. குளோரின் கலந்த பாரஃபின் அந்தச் சோதனையில் அபாரமாக ஜெயிக்கும். அதே பொருள் இன்ஜின் சூட்டில் சிதைந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். கிராங்க் பேரிங்கில் ஓட்டத்தின்போது உலோகமும் உலோகமும் உரசுவதே இல்லை, நடுவில் ஆயில் படலம் தாங்கிக்கொள்கிறது. வால்வுகளைத் திறக்கும் கேம் போன்ற உரசும் இடங்களுக்காக, 1940-கள் முதல் பயன்பாட்டில் இருக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் ஆயிலிலேயே கலந்து வருகிறது. அதையும் கூட்டினால் நல்லது என்று நினைக்கக் கூடாது. பாஸ்பரஸ், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால்தான் ஏபிஐ எஸ்பி என்ற அமெரிக்க ஆயில் தரம், 5டபிள்யூ-30 போன்ற கிரேடுகளில் அதை 0.08 சதவீதத்துக்குள் கட்டிவைத்திருக்கிறது. ஆயில் தயாரிப்பவர்கள் இன்ஜின் சோதனை நடத்தி அளந்து வைத்த கலவையில், அதைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு பாட்டிலை நாம் ஊற்றுகிறோம்.

இந்தச் சந்தேகம் என்னோடு தொடங்கியதும் இல்லை. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1990-களில் இந்த விளம்பரங்களைக் கையில் எடுத்தது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது சாதா ஆயில் பாதுகாப்புத் தருவதில்லை என்ற 'ஸ்லிக் 50' நிறுவனத்தின் பிரசாரம் பொய் என்று ஆணையம் குற்றம் சாட்டியது. 1997-இல் அது சமரசத்தில் முடிந்தது. ஸ்லிக் 50-இல் இருந்தது டெஃப்லான் வகைப் பொருள். டெஃப்லானைக் கண்டுபிடித்த டூபான்ட் நிறுவனமே, இன்ஜின் ஆயிலில் அதைச் சேர்ப்பதால் பயன் இல்லை என்று சொல்லியிருந்தது.

அப்புறம் பைக். பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் தகடுகள் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும். அவை பிடிக்க உராய்வு வேண்டும், அடிட்டிவோ உராய்வைக் குறைக்க வந்தது. மேட்டில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் இன்ஜின் மட்டும் கத்தியது, வண்டி ஏறவில்லை. ஆயிலை இறக்கிவிட்டு ஜாசோ எம்ஏ முத்திரை (ஆயிலில் மூழ்கும் கிளட்ச் உள்ள பைக்குக்கான ஜப்பானியத் தரம்) உள்ள ஆயில் ஊற்றியும், சரியாக இன்னொரு ஆயில் மாற்றல் தேவைப்பட்டது. பைக்கில் மட்டும் தயவுசெய்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

எல்லாமே வெறும் ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். இறுகிப்போன ரப்பர் சீலை மென்மையாக்கும் வகை ஒன்று, பழைய இன்ஜினின் லேசான கசிவைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடும். கெட்டியாக்கும் வகை, பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினின் நீலப் புகையைச் சில மாதம் அடக்கும். ஆனால் ரிங் என்னவோ தேய்ந்துதான் கிடக்கும். பழைய கார் பார்க்கப் போகிறவர்கள், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இழுத்து ஆயிலை இரு விரலுக்கு நடுவே தொட்டுப் பாருங்கள். விரலைப் பிரிக்கும்போது பிசுபிசுத்து நூலாக இழுபட்டால், தேய்மானத்தை மறைக்கக் கெட்டியாக்கும் வகையை ஊற்றியிருக்கலாம். விலை பேசும் முன், சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.