சொட்டும் ஏசி: ஐந்து கோடைக்குப் பிறகு ஒரு முக்கால் இஞ்ச் புகார்

2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அன்றிலிருந்து ‘ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிலிட் வாங்கலாமா?’ என்று கேட்காத ஆளில்லை. குளிர்ச்சி, ஸ்டார், கரண்ட் பில் பற்றியெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவற்றில் எனக்கும் குறையில்லை. ஐந்து கோடை சென்னை உப்புக்காற்றில் ஓடிய மெஷின், கத்திரி வெயில் மதியத்திலும் அறையைச் சொன்ன நேரத்தில் குளிர வைக்கிறது. சத்தமில்லை. ரிமோட்கூட இன்னும் உயிரோடிருக்கிறது.

எனக்குள்ள புகாரெல்லாம் இண்டோர் யூனிட்டின் அடியில், விரல் நுழையும் அளவில் இருக்கிற ஓட்டையின் மேல்தான். தண்ணீர் வெளியே போகும் ஒரே வழி அது. அது அடைத்தால் மிச்ச புகழ்ச்சியெல்லாம் சுவரில் மஞ்சள் கறையாக வழிந்துவிடும்.

எவ்வளவு தண்ணீர் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒன்றரை டன் என்பது சுமார் 5.3 கிலோவாட் குளிரூட்டும் திறன். சென்னையின் ஈரக்காற்றில் அதில் ஏறக்குறைய கால் பங்கு, காற்றிலிருக்கும் ஆவியைத் தண்ணீராக்கவே செலவாகிறது. ஒரு லிட்டர் அப்படி ஒடுங்க சுமார் 2,450 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஆக, முழு ஓட்டத்தில் மணிக்கு இரண்டு லிட்டர் வரை இறங்கும். அறை குளிர்ந்து இன்வெர்ட்டர் நிதானமானதும் பாதிக்கும் கீழே போய்விடும். கோவையிலோ மதுரையிலோ இதே மெஷின் இவ்வளவு தண்ணீர் விடாது. கடற்காற்று நுழையும் ஊரில் ஒரு ராத்திரிக்கு அரை வாளி சாதாரணம். இத்தனையையும் உள்ளங்கை ஆழம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் டிரே வாங்கி, பம்ப் எதுவும் இல்லாமல், வெறும் வாட்டத்தை நம்பி வெளியே அனுப்புகிறது.

கூரையில் பொருத்தும் கேசட் ஏசிக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் மரியாதை உண்டு. டிரேயில் மிதவை ஸ்விட்ச் இருக்கும். தண்ணீர் ஏறினால் மிதவை எழும், கம்ப்ரசர் நிற்கும், டிஸ்பிளேயில் பிழை எண் வரும். டெய்கின் என்றால் ஏ3. வீட்டுச் சுவரில் மாட்டும் ஸ்பிலிட்டில் பெரும்பாலும் அந்த மிதவையே கிடையாது. அடைத்தாலும் மெஷின் பாட்டுக்கு ஓடும், தண்ணீர் பாட்டுக்கு ஊற்றும். நிறைய மாடல்களில் எலெக்ட்ரானிக் போர்டு இருப்பது டிரேயின் வலது ஓரத்துக்குப் பக்கத்தில். வழிகிற தண்ணீர் அங்கே டெர்மினலைத் தொட்டால் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவைக் கண்டால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச், விழும். நம் ஸ்பிலிட்டுக்கு வாய்த்த ‘தானியங்கி நிறுத்தம்’ அவ்வளவுதான். முப்பதாயிரம், நாற்பதாயிரம் வாங்கும் பொருளில் ஒரு மிதவை வைக்க என்ன கேடு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கேசட் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. மிதவை அடிக்கடி மெஷினை நிறுத்துகிறது என்றால் மெக்கானிக் அந்த ஒயரை ஜம்பர் போட்டு, அதாவது மிதவையைத் தாண்டி நேராக இணைத்து, ஒட்டவைக்க விடாதீர்கள். மிதவையில் வழவழப்புப் படிந்து ஒட்டியிருக்கலாம், பம்பின் அடியில் குப்பை சேர்ந்திருக்கலாம். அதைக் கழுவச் சொல்லுங்கள். ஜம்பர் போட்ட கேசட் ஒருநாள் ஃபால்ஸ் சீலிங்கோடு சேர்ந்து இறங்கும்.

இனி அடைப்புக்கு வருவோம். பைப்பில் சேர்வதை ‘அழுக்கு’ என்று பொதுவாகச் சொல்கிறோம். வெளியே எடுத்துப் பார்த்தால் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி, சில வீடுகளில் இளஞ்சிவப்பாக, சமையலறைப் பக்கம் என்றால் பழுப்பாக இருக்கும். ஈரத்தில் வளரும் பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்து கட்டிய கூழ் அது. அதற்குத் தீனி ஃபில்டரைத் தாண்டி வரும் பஞ்சு, பவுடர், தோல்துகள், தாளிப்புப் புகை. ஆகவே டிரெயின், அதாவது இந்தத் தண்ணீர் வடியும் வழியின் பராமரிப்பு ஃபில்டரில்தான் தொடங்குகிறது. 15 நாளுக்கு ஒருமுறை கழுவி, நிழலில் காயவைத்து மாட்டினால் பைப்புக்குப் போகும் தீனி குறையும்.

சென்னையில் இதற்கு ஒரு பருவமும் உண்டு. ஐப்பசி மழையில் அணைத்த ஏசி மாசி கடைசியில்தான் திரும்ப ஓடும். இடையில் அந்தக் கூழ் காய்ந்து பொருக்குத் தட்டிவிடும். முதல் நாள் தண்ணீர் வந்ததும் பொருக்கு பெயர்ந்து, டிரேயிலிருந்து வெளியே போகும் ஹோஸின் வளைவில் போய்க் குறுக்கே நிற்கும். சீசன் தொடங்கியதுமே சொட்டுகிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால் ‘நாலு நாள் ஆகும் சார்’ என்பது இதனால்தான். பிப்ரவரியிலேயே ஒரு முறை தண்ணீர் விட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மாதம் ஒருமுறை செய்ய வேண்டிய வேலைக்குக் கால் மணி நேரம் போதும். ரிமோட்டில் அணைத்தால் போதாது, ஏசிக்கான எம்சிபி ஸ்விட்சை மின்பெட்டியில் இறக்குங்கள். முன்பலகையைத் தூக்கி ஃபில்டரைக் கழற்றுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரை எடுத்து, ஃபில்டருக்குப் பின்னால் தெரியும் குளிர்விக்கும் காயிலின் இடப்பக்கத்தில், தகடுகளின் மேல் மெல்ல விடுங்கள். பூவாளியோ தெளிப்பான் பாட்டிலோ போதும். வலப்பக்கம் போர்டு இருக்கிறது, அங்கே ஒரு சொட்டும் படக்கூடாது. ஒரு லிட்டருக்கு மூன்று நான்கு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், டிரே அவசரத்தைத் தாங்காது. வெளியே ஹோஸ் முனையில் அளவு போட்ட பாத்திரம் இருக்கட்டும். காயிலில் கொஞ்சம் ஒட்டும். மீதி, ஏறக்குறைய 900 மில்லி, தண்ணீர் விட்டு முடித்த ஓரிரு நிமிடத்தில் வந்து சேர வேண்டும். சொட்டுச் சொட்டாக இழுத்தடித்தால் அடைப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அப்போது வேண்டியது ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் கிளீனர். வெளிமுனையில் அதன் வாயை வைத்து, ஈரத்துணியால் காற்றுப் புகாமல் சுற்றி, இரண்டு நிமிடம் இழுங்கள். பிறகு மறுபடி ஒரு லிட்டர் விடுங்கள். கூழ் முழுசாக வந்து விழும்போது ஒரு திருப்தி இருக்கிறதே, அதை மறுக்க மாட்டேன். வாயால் உறிஞ்ச நினைக்காதீர்கள். புளோயரை வெளியிலிருந்து வைத்து ஊதுவதும் பலர் செய்கிற வேலை. அது கூழை டிரேக்கே திருப்பி அனுப்பும். சில சமயம் சுவர் முழுக்கத் தெளித்து வைக்கும்.

வினிகர் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், அதில் பாதிதான் சரி. சமையல் வெள்ளை வினிகர் 250 மில்லியும் அதே அளவு தண்ணீரும் கலந்து, பைப்புக்குள் விட்டு, அரை மணி கழித்து இரண்டு லிட்டர் தண்ணீரால் கழுவலாம். ஆனால் காயிலின் மேல் ஊற்றாதீர்கள். அசெட்டிக் அமில ஆவி மெல்லிய செம்புக் குழாயில் எறும்புப் புற்று மாதிரி கண்ணுக்குத் தெரியாத துளைகள் போடும். கேஸ் கசிவுக்கு அதுவும் ஒரு காரணம். பிளீச்சிங் பவுடர் கரைசலும் கழிவறை ஆசிட்டும் அலுமினியத் தகட்டைத் தின்னும். பிளீச்சும் வினிகரும் ஒரே நாளில் ஒரே பைப்பில் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அது விளையாட்டல்ல. கொதிநீர் விட்டால் பிவிசி இளகும், கை தாங்கும் சூடு போதும். உண்மையைச் சொன்னால், மாதாமாதம் வெறும் தண்ணீர் விட்டாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. வினிகர் ஆண்டுக்கு இரண்டு தடவை போதும்.

அந்த வினிகரைக் காயிலில் படாமல் எங்கே ஊற்றுவது? இதற்குத்தான் ஒரு சிறு மாற்றம். ஹோஸ் சுவரைத் தாண்டி பிவிசி பைப்பில் சேருகிற இடத்தில் ஒரு ‘டீ’யை (T வடிவ பைப் இணைப்பை) நிமிர்த்தி வைத்து, மேல்வாய்க்குத் திருகு மூடி போடச் சொல்லுங்கள். டீயும் மூடியும் சேர்த்தாலும் நூறு ரூபாய்க்குள்தான். கீழ்ப் பைப்புக்கான மருந்தை அங்கே ஊற்றலாம், வெளிமுனையை அடைத்துவிட்டு, வேக்குவத்தை அங்கேயே வைத்து உள்ஹோஸையும் இழுக்கலாம். பிளம்பர் ‘எதுக்கு சார் இது’ என்பார். வையுங்கள்.

வருடாவருடம் என் பொறுமையைச் சோதிப்பது சர்வீஸ்தான். ஜெட் பம்பால் காயிலைப் பளபளவென்று கழுவுகிறார்கள். பையில் கறுப்புத் தண்ணீர் கொட்டுகிறது, நமக்கும் கொடுத்த காசு வீணில்லை என்று தோன்றுகிறது. ஆனால் அந்த அழுக்கில் ஒரு பங்கு டிரேயில் தங்குகிறது. ஹோஸைத் தனியாக அலசாமல் மூடிவிட்டுப் போனால் இரண்டாம் நாள் ராத்திரி கட்டிலில் சொட்டும். ‘நேத்துத்தானே சர்வீஸ் பண்ணோம்?’ என்று நாம் கேட்டால், ‘கேஸ் கம்மியா இருக்கும்’ என்று பதில் வரும். ஏணியிலிருந்து இறங்குவதற்கு முன்னால் அந்த ஒரு லிட்டர் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். காசு அப்புறம்.

கேஸ் குறைவாலும் சொட்டும் என்பது பொய்யில்லை, அதனால்தான் எங்கிருந்து, எப்போது சொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஓடும்போது டிரே ஓரத்திலிருந்து ஒழுக்காக வந்தால் அடைப்பு, அல்லது யூனிட் டிரெயின் வாய்க்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ரசமட்டம் வைத்தால் தெரிந்துவிடும். அணைத்த பிறகு கால் மணி நேரம் கழித்துத் திடீரென்று கொட்டினால் காயிலில் ஐஸ் கட்டி உருகுகிறது. முதலில் ஃபில்டரைப் பாருங்கள், அது சுத்தமாக இருந்தால் கேஸ் குறைவாக இருக்கலாம். காற்று வாயிலிருந்து சாரல் மாதிரி தெறித்தால் உள்ளே உருளும் புளோயரில் அழுக்கு. யூனிட்டுக்குப் பின்னால் சுவர் மட்டும் மெதுவாக நனைந்தால் ஹோஸ் இணைப்போ, அதன் மேல் சுற்றிய கறுப்பு இன்சுலேஷன் விலகிய இடமோ காரணம். இந்த நான்கையும் பிரிக்கத் தெரியாதவர் கையில் கேஸ் சிலிண்டர் இருந்தால் செலவு உங்களுடையது.

சில அடைப்புகள் மெஷின் வந்த அன்றைக்கே விதைக்கப்பட்டவை. சுவரில் போடும் துளை வெளிப்பக்கம் ஒரு சென்டிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். செம்புக் குழாய், ஒயர், ஹோஸ் மூன்றையும் டேப்பில் சுற்றும்போது ஹோஸ் அடியில் வர வேண்டும், மேலே வந்தால் துளையிலேயே மேடேறிவிடும். சுருள் ஹோஸை நீளமாக விட்டால் தொங்கி, தொங்கிய இடத்தில் தண்ணீர் தேங்கிக் காற்றை அடைக்கும். வெளியே வந்ததும் பிவிசிக்கு மாற்றுங்கள். முக்கால் இஞ்ச் குறைந்தபட்சம், ஒரு இஞ்ச் நிம்மதி. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் கட்டாயம், இரண்டு கிடைத்தால் நல்லது. 90 டிகிரி எல்போவுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு.

முனை வாளித் தண்ணீருக்குள் முங்கியிருந்தால் எதிரழுத்தம் தண்ணீரைத் தடுக்கும், ஐந்து சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும். சாக்கடை லைனில் நேராகச் சேர்த்தால் நாற்றமும் கரப்பானும் வழிகேட்டு உள்ளே வரும், போதாததற்கு அந்த வாயு செம்பையும் அரிக்கும். குளவி முனையில் மண்கூடு கட்டும். அதற்குப் பெரிய கண் வலை போடுங்கள், சின்னக் கண் வலையில் கூழ் சிக்கி அதுவே அடைப்பாகும். அடுக்குமாடியில் நான்கு வீட்டு ஏசியும் ஒரே குத்துப் பைப்பில் இறங்குகிறதென்றால் மேல்முனை திறந்திருக்கிறதா என்று மாடி ஏறிப் பாருங்கள். மூடியிருந்தால் மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டு டிரேயில் எட்டிப் பார்க்கும். இண்டோரில் ‘களகள’ என்று சத்தம் வந்தால் பேயுமில்லை, பழுதுமில்லை. ஜன்னலெல்லாம் மூடி சமையலறை எக்ஸாஸ்ட் ஓடுகிறதா பாருங்கள், அது ஹோஸ் வழியாகக் காற்றை இழுக்கிறது.

எதிர்பாராத நன்மை ஒன்றையும் சொல்லாவிட்டால் அநியாயம். சென்னை போர் தண்ணீரோடு ஒப்பிட்டால் இந்த அரை வாளியில் உப்பே இல்லை. தொட்டிச் செடிகளின் இலையில் வெள்ளைப் படிவு நின்றுபோகும், மாப் போட்ட தரையில் கறை நிற்காது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும் ஊற்றாதீர்கள்: காயிலின் உலோகமும் தூசியும் கலந்த தண்ணீர் அது, கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் அல்ல. வாளியைத் தினமும் கவிழ்க்க வேண்டும், இல்லையென்றால் டெங்குக் கொசு குடியேறும்.

மதிப்பெண்: குளிர்ச்சிக்கு பத்துக்கு ஒன்பது, மின்செலவுக்கு எட்டு, சத்தத்துக்கு ஒன்பது, டிரெயினுக்கு இரண்டு. கூட்டிப் பார்த்தால் நல்ல மெஷின்தான். இருந்தும் வாங்கலாமா என்று இந்த வாரம் கேட்டால் வேண்டாம் என்பேன், சுவரில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து ஒன்பது நாள்தான் ஆகிறது. மார்ச்சில் கேளுங்கள், வேறு மாதிரி சொல்வேன். அதற்குள் வாங்கித்தான் தீருவேன் என்பவர்கள், பிராண்டைத் தேர்ந்தெடுக்கும் முன் டிரில் போடப்போகும் சுவரைப் பாருங்கள்: அங்கிருந்து கீழே வரை ஹோஸ் எங்கும் மேடேறாமல் இறங்குமா? இறங்காதென்றால் சுவரை மாற்றுங்கள். பொருத்துகிற அன்று ஒரு மக்கு தண்ணீரோடு பக்கத்திலேயே நில்லுங்கள்.